பிரஷ் எட்டாத பள்ளம்: ரோட்டர்டாம் மருத்துவமனையில் ஒரு தொற்றுப் பரவல்

2012 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதங்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 30 நோயாளிகளிடம் ஒரே வகைப் பாக்டீரியா தென்பட்டது. பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. அதிலும் விம்-2 என்ற நொதியைச் சுரக்கும் வகை. அந்த நொதி கார்பபெனெம் என்ற ஆன்டிபயாடிக் குடும்பத்தையே உடைத்துப் போட்டுவிடும். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் நம்பியிருக்கும் குடும்பம் அது.

இந்தப் பாக்டீரியா அந்த மருத்துவமனைக்குப் புதிதில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று பேரிடம் அது தட்டுப்படுவது வழக்கமாகவே இருந்தது. அந்தக் கணக்குப்படி நான்கு மாதத்தில் பத்துப் பேர் வந்திருக்கலாம். 30 பேர் என்றால் எங்கோ ஒரு ஊற்று திறந்திருக்கிறது என்று பொருள்.

தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினர் செய்யும் முதல் வேலை, நோயாளிகளின் கோப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டு பொதுவான புள்ளியைத் தேடுவதுதான். எந்த வார்டு, எந்தக் கட்டில், என்ன சிகிச்சை, எந்தக் கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சூடோமோனாஸ் என்றால் சந்தேகம் முதலில் தண்ணீர்க் குழாய்கள் மேலும் வாஷ்பேசின் வடிகால்கள் மேலும்தான் விழும். ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. ஆனால் இங்கே கிடைத்த பொதுப் புள்ளி வேறு. 30 பேரில் 22 பேருக்கு ஈ.ஆர்.சி.பி. என்ற, வாய்வழியாகப் பித்தநாளத்தை எட்டும் சிகிச்சை நடந்திருந்தது. அந்த 22 பேருக்கும் பயன்பட்டது ஒலிம்பஸ் நிறுவனத்தின் ஒரே மாடல் டியோடினோஸ்கோப் (வாய்வழியாக முன்சிறுகுடலுக்குள் விடும் கேமராக் குழாய்), டி.ஜே.எஃப்-க்யூ180வி. புதிய வடிவமைப்போடு 2010 வாக்கில் சந்தைக்கு வந்த மாடல் அது.

அந்த ஸ்கோப்பின் முனையில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதற்குள்ளிருந்து மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். அதே பாக்டீரியா வளர்ந்தது. மரபணு ஒப்பீட்டில் 22 நோயாளிகளிடம் கிடைத்தவையும் ஸ்கோப்பில் கிடைத்ததும் ஒரே வம்சம் என்று உறுதியானது. அந்த மாடலைப் பயன்பாட்டிலிருந்து எடுத்தார்கள். மாத எண்ணிக்கை, பரவலுக்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கியது.

கதை இங்கேயே முடிந்ததுபோலத் தெரியும். எனக்கு உறுத்துகிற கேள்வி இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அந்த ஸ்கோப் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கழுவப்பட்டது. கிருமிநாசினியில் ஊறியது. சூடோமோனாஸ் வெறும் ஒற்றைச் செல் உயிர். தனியாக நீந்திக்கொண்டிருந்தால் அந்தக் கிருமிநாசினி நிமிடங்களில் கொன்றுவிடும். அப்படியிருந்தும் அது எப்படிப் பிழைத்தது?

ஸ்கோப்பின் முனையில் என்ன இருக்கிறது

ஈ.ஆர்.சி.பி. என்பது பித்தநாளத்தையும் கணைய நாளத்தையும் வாய்வழியாகச் சென்று சேரும் சிகிச்சை. பித்தநாளத்தில் கல் அடைத்துக்கொண்டு மஞ்சள் காமாலையோடு வருபவருக்கு, கட்டி நெருக்கிப் பித்தம் வடியாமல் தவிப்பவருக்கு, வயிற்றைக் கிழிக்காமலே கல்லை எடுக்கவும் ஸ்டென்ட் வைக்கவும் இது உதவுகிறது. உயிர் காக்கும் சிகிச்சை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஈ.ஆர்.சி.பி. வேண்டாம் என்று முடிவெடுத்துவிடக் கூடாது.

வழக்கமான எண்டோஸ்கோப்பில் கேமரா நேர் எதிரே பார்க்கும். டியோடினோஸ்கோப்பில் கேமரா பக்கவாட்டில் பார்க்கும். பித்தநாளம் முன்சிறுகுடலின் பக்கச் சுவரில் திறப்பதால் அப்படி. ஸ்கோப்புக்குள் அனுப்பும் மெல்லிய கம்பியும் குழாயும் வெளியே வரும்போது நேராகப் போய்விடாமல் பக்கவாட்டில் திரும்பி அந்தத் திறப்புக்குள் நுழைய வேண்டும். அதற்காக முனையில் ஒரு குட்டி உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் எலிவேட்டர். மருத்துவர் பிடியிலுள்ள நெம்புகோலைத் திருப்பினால், உள்ளே ஓடும் கம்பி இழுபட்டு, தகடு நிமிர்ந்து, வெளிவரும் குழாயைத் தூக்கிக்கொடுக்கும்.

இந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் அந்தப் பள்ளம். சில மில்லிமீட்டர் அகலம். தகடு ஓர் அச்சில் சுழல்கிறது. பழைய மாடலில் முனையின் மூடியைக் கழற்றிவிட்டுக் கழுவ முடிந்தது. புதிய மாடலில் மூடி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. கம்பி ஓடும் பாதையை ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தால் அடைத்தார்கள். அடைத்துவிட்டால் அழுக்கு உள்ளே போகாது, அந்தக் குறுகிய பாதையைத் தனியே கழுவும் தொல்லையும் இல்லை என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான்.

அது எங்கே சறுக்கியது என்பதைப் புரிந்துகொள்ள மிக்ஸி ஜார் போதும். தேங்காய்ச் சட்னி அரைத்த ஜாரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாள் மோந்து பாருங்கள். சில நேரம் ஒரு புளித்த வாடை வரும். ஜாரின் சுவர் பளபளவென்றுதான் இருக்கும். பிளேடுக்கு அடியில், அச்சு சுழலும் இடத்தில், வாஷரின் விளிம்பில் ஒரு குண்டூசியால் கீறினால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வரும். நேற்றைய சட்னி மட்டும் இல்லை அது. பல நாள் சட்னி, இட்லி மாவு, மசாலா எல்லாம் சேர்ந்து, அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் அவை சுரந்த பசையும் கலந்த படிவு. குக்கர் கேஸ்கெட்டின் உட்புறம், தண்ணீர் பாட்டில் மூடியின் ரப்பர் வளையம் எல்லாமே இதே கதைதான். நகரும் பாகமும் ரப்பரும் ஈரமும் உணவும் சேரும் இடத்தில், விரல் போகவில்லை என்றால், படலம் வரும்.

அந்தக் கொழகொழப்புக்கு அறிவியல் வைத்த பெயர் பயோஃபிலிம். தமிழில் உயிர்ப்படலம் என்கிறோம்.

படலம் எப்படி எழும்புகிறது

சூடோமோனாஸ் சில மைக்ரான் நீளமுள்ள கோல் வடிவப் பாக்டீரியா. ஒரு முனையில் கசையிழை என்ற ஒற்றை வால். அதைச் சுழற்றி நீந்தும். நீந்தும்போது பரப்பில் மோதினால் உடனே குடியேறிவிடாது. ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அது சந்திக்கும் உலோகமோ ரப்பரோ வெறும் உலோகமாக, வெறும் ரப்பராக இருப்பதில்லை. குடலுக்குள் போய்வந்த ஸ்கோப்பின் மேல் சளி, பித்தம், ரத்தப் புரதம் எல்லாம் ஏற்கெனவே மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். அந்தப் பூச்சுதான் பாக்டீரியாவுக்கு முதல் பிடிமானம்.

பரப்பைத் தொட்டதும் செல்லுக்குள் ஒரு சிறு மூலக்கூறின் அளவு ஏறத் தொடங்குகிறது. சைக்ளிக்-டை-ஜி.எம்.பி. என்பது அதன் பெயர். அது குறைவாக இருந்தால் பாக்டீரியா நீந்தும், கூடினால் உட்காரும். வால் ஓய்கிறது. பிலஸ் என்ற மெல்லிய மயிர்களை நீட்டி, பிடித்து, இழுத்துப் பரப்பின் மேல் தவழ்ந்து மற்ற செல்களோடு குழுமுகிறது. பிறகு பசையைச் சுரக்கிறது. சூடோமோனாஸுக்கு இப்படிப் பல பசைகள் உண்டு. பி.எஸ்.எல்., பெல், ஆல்ஜினேட் என்ற மூன்றும் சர்க்கரைச் சங்கிலிகள். இவற்றோடு புரதங்களும் சேர்கின்றன. இறந்த செல்கள் வெடித்துக் கொட்டிய டி.என்.ஏ.வும் கட்டுமானக் கம்பி மாதிரி ஊடே ஓடுகிறது. 2002 இல் ஓர் ஆய்வுக்குழு, டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை இளம் படலத்தின் மேல் விட்டுப் பார்த்தது. படலம் கரைந்துபோனது. மரபுச் செய்தியைச் சுமக்கும் பொருளே இங்கே சிமென்ட் வேலையும் பார்க்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்தது பேச்சு. ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு வேதிச் சைகையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கூட்டம் குறைவாக இருந்தால் சைகை கரைந்துபோகும். கூட்டம் கூடக் கூட அதன் அடர்த்தி ஏறி, ஒரு வரம்பைத் தாண்டும்போது எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. 1998 இல் இந்தச் சைகையைச் செய்யத் தெரியாத சூடோமோனாஸ் வகையை வளர்த்துப் பார்த்தபோது, படலம் தட்டையாக, மெலிதாக வந்தது. சோப்பு போன்ற ஒரு பொருளை விட்டதும் பெயர்ந்து போனது. பேசத் தெரிந்த வகையோ காளான் போல மேடும் அதனூடே நீர் ஓடும் வாய்க்காலுமாகக் கட்டி எழுப்பியது.

முதிர்ந்த படலத்திலிருந்து சில செல்கள் மறுபடி வால் முளைத்துப் பிரிந்து போகும். சில நேரம் படலமே துணுக்காகப் பெயரும். தொற்று பரவும் கணம் இதுதான். மற்ற நேரமெல்லாம் அது தன் பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஏன் சாகவில்லை

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படித்தவர்கள்கூடப் பல நேரம் குழப்பிக்கொள்கிறார்கள்.

விம்-2 என்பது மரபணு வழி வந்த எதிர்ப்பு. அந்த மரபணு இருக்கும் செல் எங்கே இருந்தாலும், தனியாக நீந்தினாலும், கார்பபெனெமை உடைக்கும். ஆனால் கிருமிநாசினியைச் சமாளிக்க விம்-2 எந்த வகையிலும் உதவாது. கிருமிநாசினியைத் தாண்ட உதவியது படலம். படலத்துக்குள் இருக்கும் செல்லுக்குப் புதிய மரபணு எதுவும் தேவையில்லை. அங்கே வாழும் முறையே பாதுகாப்பு. அதே செல்லைப் பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் விட்டால், அதே கிருமிநாசினிக்குச் செத்துப்போகும். படலத்துக்குள் இருக்கும்போது சில மருந்துகளுக்கு நூறு மடங்கு, ஆயிரம் மடங்குவரை தாக்குப்பிடிக்கும். ரோட்டர்டாமில் இரண்டும் ஒரே உயிரில் சேர்ந்துவிட்டன. படலம் அதைக் கழுவும் அறையிலிருந்து காப்பாற்றியது. விம்-2 அதை நோயாளியின் உடலுக்குள் மருந்திலிருந்து காப்பாற்றியது.

படலம் எப்படிக் காக்கிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. ஆக்ஸிஜனேற்றி வகைக் கிருமிநாசினி மேல் அடுக்குப் பசையோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகலாம். ஆல்டிஹைடு வகையோ புரதத்தை உறையவைத்து, படிவை இன்னும் இறுக்கமாக ஒட்டவைத்துவிடும். அடி அடுக்கில் ஆக்ஸிஜனும் உணவும் குறைவு என்பதால் செல்கள் மெதுவாக வாழ்கின்றன. வளரும் செல்லைத் தாக்கும் ஆன்டிபயாடிக்குக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. இவை போக, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏறக்குறைய உறங்கும் நிலையில் ஒரு சிறு தொகை செல்கள் இருக்கும். இவற்றை 1944 இலேயே ஜோசப் பிக்கர் என்ற மருத்துவர் கவனித்து, விடாப்பிடியாய் நிற்பவை என்ற பொருளில் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். பென்சிலின் ஊற்றிய குழாயில் பெரும்பாலானவை சாக, ஒரு சில சாகாமல் நின்றன. அவற்றை எடுத்து வளர்த்தால் வந்த சந்ததி மறுபடி பென்சிலினுக்குச் சாகக்கூடியதாகவே இருந்தது.

ஸ்கோப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது நனைகிறது, காய்கிறது, மறுபடி நனைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிருமிநாசினி மேல் அடுக்கைக் கொல்கிறது. செத்த அடுக்கு அங்கேயே காய்ந்து அடுத்த தலைமுறைக்குக் கூரையாகிறது. மாதக்கணக்கில் இப்படிச் சேரும் படிவு, ஆய்வகத்தில் மூன்று நாளில் வளர்க்கும் படலத்தைவிடக் கெட்டியானது. இதற்கு முறையான உலர்த்தல் பெரிய மருந்து. மெல்லிய துளைகளில் ஈரம் தங்கினால் இரவோடு இரவாகக் கூட்டம் பெருகிவிடும்.

கழுவுவதன் கணக்கு

குடலுக்குள் போய்வந்த டியோடினோஸ்கோப்பில் ஒரு கோடி முதல் 1,000 கோடி வரை பாக்டீரியா இருக்கலாம். கையால் பிரஷ் போட்டுக் கழுவுவது அதை 100 மடங்கிலிருந்து 10 லட்சம் மடங்குவரை குறைக்கும். பிறகு எந்திரத்தில் வைத்துச் செய்யும் உயர்நிலைக் கிருமிநீக்கம் 10,000 மடங்கிலிருந்து 10 லட்சம் மடங்குவரை குறைக்கும். இரண்டும் நன்றாக நடந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. இரண்டும் அவற்றின் கீழ் எல்லையில் நடந்தால்? 1,000 கோடியை முதலில் நூறாலும் அப்புறம் பத்தாயிரத்தாலும் வகுத்துப் பாருங்கள். 10,000 செல்கள் மிச்சம். இத்தனைக்கும் இது கிருமிநாசினி எல்லா இடத்தையும் தொட்டது என்று வைத்துப் போட்ட கணக்கு. தொடாத பள்ளத்துக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

அறுவைக் கத்தரிகளைப்போல ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைக்கலாமே என்று தோன்றும். இந்த ஸ்கோப்பின் லென்ஸும் பசையும் ரப்பரும் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால்தான் கைக்கழுவலை இவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கைக்கழுவல் எப்படியிருக்கும் என்று கொஞ்சம் பார்க்கலாம். பரிசோதனை முடிந்ததும் கட்டில் பக்கத்திலேயே குழாயைத் துடைத்து, துளைகள் வழியே திரவம் உறிஞ்ச வேண்டும். காய விட்டால் புரதம் இறுகிவிடும். பிறகு கசிவுச் சோதனை. பிறகு நொதி கலந்த சோப்பு நீரில் முழுதாக மூழ்கவைத்து, எலிவேட்டரை மேலே தூக்கி ஒருமுறை, கீழே இறக்கி ஒருமுறை, பக்கவாட்டில், பின்னால் என்று சிறு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இடையில் அடுத்த நோயாளி காத்திருப்பார். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் யாரும் பெயர் கேட்காத ஊழியர்கள். எங்கே தொற்று பரவினாலும் முதல் விரல் அவர்களை நோக்கித்தான் நீளும். 'சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள்' என்று சொல்லி முடித்துவிடுவது எல்லோருக்கும் வசதி. ரோட்டர்டாம் குழு அங்கே நின்றுவிடவில்லை. நடைமுறைகளைத் தணிக்கை செய்ததோடு, ஸ்கோப்பின் முனையையும் கழற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தது. இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது அந்த முடிவைத்தான்.

டெல்ஃப்ட்

கழற்றிப் பார்க்கும் வேலை டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளரிடம் போனது. அவருடைய பார்வை மருத்துவருடையதிலிருந்து வேறுபட்டது. இந்த முனையில் பிரஷ் எங்கே போகும், எங்கே போகாது? இந்த ரப்பர் வளையம் உண்மையிலேயே அடைக்கிறதா? கிடைத்த விடைகள் இரண்டு. நிரந்தரமாக ஒட்டிய மூடி, கழுவுவதையும் கிருமிநீக்கத்தையும் தடுக்கிறது. எலிவேட்டரின் அச்சை ஓ-ரிங் போதிய அளவு அடைக்காமல் இருக்கக்கூடும்.

இரண்டாவது விடைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. கழுவத் தேவையில்லை என்பதற்காக அடைத்த இடம் அது. அடைப்பு கொஞ்சம் கசிந்தால், பாக்டீரியா உள்ளே போய்விடும். பிரஷ்ஷும் கிருமிநாசினியும் போகாது. திறந்தே இருந்திருந்தால் கஷ்டப்பட்டாவது கழுவியிருப்பார்கள்.

ரோட்டர்டாமிலிருந்து டெல்ஃப்ட் ரயிலில் கால் மணி நேரம்தான். உலகில் முதன்முதலாக உயிர்ப்படலத்தைப் பார்த்தவர் வாழ்ந்த ஊரும் அதுதான். துணி வியாபாரியான ஆன்டனி வான் லீவன்ஹூக் 1683 இல் தன் பற்களுக்கிடையே இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி, தானே தேய்த்துச் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். குட்டி உயிர்கள் நெளிந்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதோடு விடவில்லை. வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தார். சுரண்டி எடுத்த படிவில் வினிகர் கலந்தால் உயிர்கள் செத்தன. பல்லில் ஒட்டியிருக்கும்போதோ வெளிப்பக்கம் இருந்தவைதான் செத்தன. வினிகர் படிவின் உள்ளே முழுக்க இறங்கவில்லை என்று அவரே குறித்துவைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்கோப் முனையில் நடந்ததும் அதேதான். திரவம் மட்டும் வேறு.

உடலுக்குள் போனதும்

பித்தநாளம் சாதாரணமாகப் பாக்டீரியா அண்டாத இடம். பித்தம் ஓடிக்கொண்டே இருக்கும். எது வந்தாலும் குடலுக்கு அடித்துச் சென்றுவிடும். ஈ.ஆர்.சி.பி. தேவைப்படுபவருக்கு அந்த ஓட்டமே தடைபட்டிருக்கிறது. தேங்கிய பித்தத்துக்குள், ஸ்கோப் முனையைக் கடந்து வரும் குழாய் நுழைகிறது. எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயம் அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. குழாயோடு ஒரு துணுக்குப் படலம் போனாலும் போதும். அழுத்தம் கூடினால் பாக்டீரியா பித்தநாளத்திலிருந்து ரத்தத்துக்குத் தாண்டிவிடும். குளிர்க்காய்ச்சல், வயிற்று வலி, மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாள அழற்சி. அது முற்றினால் செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் முழுக்கத் தாக்கப்படும் உயிராபத்தான நிலை. ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் உட்புறம் படலத்துக்கு இன்னொரு வீடு. பிளாஸ்டிக் பித்த ஸ்டென்ட்களை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றச் சொல்வதற்குப் பெரிய காரணமே உள்ளே சேரும் படலமும் அது பிடித்துவைக்கும் சேறும்தான்.

பாக்டீரியா கிடைத்த எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. சிலர் குடலில் சும்மா சுமந்துகொண்டிருப்பார்கள். ஆனால் அப்படிச் சுமப்பவருக்குப் பின்னொரு நாள் அறுவையோ கீமோதெரபியோ நடக்கும்போது, மருந்து கேட்காத அந்தக் கிருமி எழுந்திருக்கும். ஸ்கோப்போடு இணைத்துப் பார்க்கவே முடியாத அளவுக்குக் காலம் கடந்திருக்கும். இத்தகைய பரவல்கள் கண்ணுக்குப் படாமல் போவதற்கு இது முக்கியக் காரணம். ஈ.கோலை என்ற சாதாரணக் குடல் பாக்டீரியா இப்படிப் பரவியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். விம்-2 போன்ற அரிய அடையாளம் இருந்ததால்தான் 22 பேரையும் ஒரு நூலில் கோக்க முடிந்தது.

செய்தி கடல் தாண்டவில்லை

2013 ஜனவரியில் ஒலிம்பஸ் தன் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அது போகவில்லை. அங்கேயும் அதே மாடல் பயன்பாட்டில் இருந்தது. அந்த மாடலை விற்கத் தொடங்கும்போது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் அதற்கான தனி அனுமதியைப் பெற்றிருக்கவில்லை என்பதும் பின்னால்தான் தெரியவந்தது.

2013 இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஒரு மருத்துவமனையில் 39 பேரிடம், விம்-2 போலவே கார்பபெனெமை உடைக்கும் என்.டி.எம். நொதி சுரக்கும் ஈ.கோலை கிடைத்தது. பெரும்பாலோர் டியோடினோஸ்கோப் சிகிச்சை பெற்றவர்கள். என்.டி.எம். நமக்குத் தெரிந்த பெயர்தான், அதில் 'என்.டி.' என்பது நியூ டெல்லி. 2010 இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த நொதியுள்ள மாதிரிகளில் 44 சென்னையில் கிடைத்தவை. இல்லினாய்ஸில் விசாரித்தவர்கள் கழுவும் முறையில் எந்தக் குறையையும் காணவில்லை. அங்கே இருந்தது வேறு நிறுவனத்தின் ஸ்கோப். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கத் தொடங்கிய பிறகு பரவல் நின்றது. அப்புறம் 2015 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை, தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய 179 பேருக்குத் தகவல் அனுப்பியது. ஏழு பேருக்குத் தொற்று உறுதியானது. இரண்டு இறப்புகளில் அந்தத் தொற்றுக்குப் பங்கிருந்தது. அங்கே இருந்தது ரோட்டர்டாமில் இருந்த அதே மாடல். கழுவியது நிறுவனம் எழுதித் தந்த வழிமுறைப்படி.

2016 ஜனவரியில் வெளியான அமெரிக்க செனட் விசாரணை அறிக்கை, 2012 முதல் 2015 வரை உலகெங்கும் குறைந்தது 25 பரவல்கள், குறைந்தது 250 நோயாளிகள் என்று கணக்கிட்டது. அதே மாதம் ஒலிம்பஸ் அந்த மாடலைத் திரும்பப் பெற்று எலிவேட்டர் அமைப்பை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. 2018 டிசம்பரில், ஐரோப்பாவில் நடந்த தொற்றுகள் பற்றி எஃப்.டி.ஏ.வுக்குத் தர வேண்டிய அறிக்கைகளை உரிய காலத்தில் தராத குற்றத்தை நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. எட்டு கோடி டாலர் அபராதம், மேலும் 50 லட்சம் டாலர் பறிமுதல்.

அபராதத் தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இடைப்பட்ட காலம். பள்ளம் எங்கே இருக்கிறது என்று 2012 இலேயே ஒருவர் கழற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டார். 2015 பிப்ரவரிவரை அமெரிக்காவின் கழுவும் அறைகளில் நின்றவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தங்கள் கையைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இப்போது

ரோட்டர்டாம் குழு பிறகு நெதர்லாந்து முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2018 இல் வெளியிட்டது. ஈ.ஆர்.சி.பி. செய்யும் 67 மையங்களில் 66 பங்கேற்றன. கழுவிக் கிருமிநீக்கி, அடுத்த நோயாளிக்குத் தயார் என்று வைத்திருந்த 155 ஸ்கோப்புகளிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 22 சதவீதம் ஸ்கோப்புகளில் வரம்பை மீறிய நுண்ணுயிர்கள். 15 சதவீதத்தில் குடல் அல்லது வாயைச் சேர்ந்த கிருமிகள், அதாவது முந்தைய நோயாளி ஒருவரிடமிருந்து வந்தவை. ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஓ-ரிங்கை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. நகரும் தகடும் குறுகிய பள்ளமும் எல்லா டியோடினோஸ்கோப்பிலும் உண்டே.

2019 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ., மூடியையாவது ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையில் செய்த ஸ்கோப்புகளுக்கு மாறும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. மூடியைக் கழற்றினால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும், பிரஷ் போகும். அதே ஆண்டு டிசம்பரில் முழுக்கவே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் டியோடினோஸ்கோப்புக்கு அனுமதி கிடைத்தது. விலை அதிகம், குப்பையும் அதிகம்.

அதற்கு முன்பே, 2015 ஆகஸ்டில், பழைய ஸ்கோப்பை வைத்திருப்பவர்களுக்கு எஃப்.டி.ஏ. சொன்ன கூடுதல் வழிகள் நான்கு. இருமுறை கிருமிநீக்கம், எத்திலீன் ஆக்சைடு, திரவ வேதிப்பொருளால் முழுக் கிருமியழிப்பு, பிறகு வளர்ப்புச் சோதனை. கடைசி வழியில், எலிவேட்டர் பள்ளத்திலிருந்து மாதிரி எடுத்து வளர்த்து, முடிவு வரும்வரை அந்த ஸ்கோப்பைத் தொடாமல் ஒதுக்கி வைப்பார்கள். பாக்டீரியா தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரிய இரண்டு நாள் ஆகும். பத்துப் பன்னிரண்டு ஸ்கோப் வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைக்கு இது முடியும். இரண்டே ஸ்கோப் வைத்திருக்கும் மருத்துவமனையில், இரண்டும் ஒதுக்கி வைத்திருக்கும் நேரத்தில், பித்தநாளம் அடைத்து 103 டிகிரி காய்ச்சலோடு ஒருவர் வந்து சேர்ந்தால், அங்கிருக்கும் மருத்துவர் அந்த நிமிடமே ஒரு முடிவெடுக்க வேண்டும். தட்டில் அதுவரை ஒன்றும் முளைத்திருக்காது.